ஒன்பது அங்குலம்

செப்டம்பர் 1, ஞாயிறு

வானம் தெளிவு. ஆள் ஒன்று. வேலை இல்லை.

நெடுஞ்சாலைத் துறையில் நாட்குறிப்பை இப்படித்தான் தொடங்குவோம். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் வேறு விதமாகத் தொடங்க எனக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்று, மண் வெட்டும் கூலியாகச் சேர்ந்தவன் நான். அதிகாரி ஒருவர் தூக்கிப் போட்ட விதிமுறைப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். பதினேழாவது வருடம் சாலை ஆய்வாளர் ஆனேன். யாரும் சொல்லித் தரவில்லை. இதை இன்று எழுதக் காரணம், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஈஸ்வரமூர்த்தி என்னை ‘படிக்காத இன்ஜினியர்’ என்றார். பதினோரு பேர் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் மூன்றாம் தெரு நானூறு மீட்டர். மனை விற்றவர் சாலைகளை ஊராட்சியிடம் ஒப்படைக்காமலே போய்விட்டார். அதனால் சாலை எங்கள் தலையில். இப்போது தார் தேய்ந்து ஜல்லி பல்லைக் காட்டுகிறது, தெருமுனையில் குழிகள். ஐப்பசி மழைக்கு முன் சரிசெய்தாக வேண்டும். ஈஸ்வரமூர்த்தி சங்கத் தலைவர், தறிப்பட்டறை வைத்திருப்பவர். பழையதன் மேலேயே இரண்டு அங்குலத்துக்குப் புதுத் தார் போட்டுவிடலாம் என்கிறார்.

“பளபளன்னு ஆயிருமுங். ஒரே நாள் வேலை.”

சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்றேன். மேலே மேலே போட்டால் சாலை ஏறும், வீடுகள் தாழும்.

“சுரண்டற மிஷினுக்கு வாடகை என்னாகும்னு தெரியுமுங்களா அண்ணா? தெருவுல மத்த எல்லாரும் வாசலை ஒசத்தியாச்சு. நீங்களும் உங்க வாசலை ஒசத்திக்கங், தீந்துது.”

எந்த இடத்தில் என்ன நோய் என்று ஒருவராவது குனிந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தவர் யாரும் இல்லை. அளந்து அறிக்கை தருகிறேன், 22ஆம் தேதிக் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். என் வாயை மூட அதுதான் வழி என்று நினைத்திருக்கலாம்.

என் வீடு எண் 14. கேட்டுக்கு உள்ளே இருக்கும் என் வாசலைவிடச் சாலை ஒன்பது அங்குலம் உயரம்.

செப்டம்பர் 2

கீரைக்காரம்மா சாலையில் நின்றபடி, அம்மா எப்போது வருவார் என்று கேட்டார். சாலை வேலை முடிந்ததும் என்றேன்.

மாலையில் என் மனைவி தெய்வானை போனில் பேசினாள். ஆடி மாதம் கேட்டருகே கால் தவறி விழுந்தாள். இடுப்பெலும்பில் கம்பி வைத்துக் கோவையில் மகள் சுகந்தி வீட்டில் இருக்கிறாள். வாக்கரைப் பிடித்துச் சமதரையில் நடக்கிறாளாம். ஒரு விரல் உயரமென்றால் தாண்டலாம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“என்ன சாப்பிட்டீங்க?”

“ரசம்.”

“ரசம் மட்டுமா?”

“சோறும்.”

பின்னால் மகள் வீட்டுத் தொலைக்காட்சி கேட்டது. வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 4

காலையில் தூறல், ஏழு மணிக்கு வெயில். சாலையைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், விரிசலுக்குள் இறங்கிய ஈரம் காயாது. அரை மணி நேரத்துக்கு ஒவ்வொரு விரிசலும் கறுப்புக் கோடாகத் தன்னைத் தானே வரைந்து காட்டும். புத்தகத்தில் இது இல்லை, நானே கண்டது.

சாக்பீஸோடு நடந்தேன். குனிந்து குனிந்து எண்பது மீட்டர். அதற்குள் காய்ந்துவிட்டது, முதுகும் விட்டுப்போயிற்று. பள்ளிக்கூட வேனிலிருந்து ஒரு குரல், “தாரு தாத்தா கோலம் போடறாரு.”

செப்டம்பர் 6

தூறல் இல்லை. வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது வாளி. தண்ணீர் ஓடினால் சாய்வு சரி. நின்றால் கீழே அமுங்கியிருக்கிறது.

செப்டம்பர் 9

தெருமுனையிலிருந்து அறுபது மீட்டருக்கு முதலைத் தோல் போன்ற விரிசல். கட்டம் கட்டமாக வெடித்து, காலால் மிதித்தால் அசைகிறது. அடித்தளத்தில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே மேலே எத்தனை அங்குலம் தார் போட்டாலும் இரண்டு மழைக்குத் தாங்காது. தோண்டி எடுத்து, கெட்ட மண்ணை மாற்றி, அடியிலிருந்து போட வேண்டும்.

மீதியில் நீள நீளமான ஒற்றை விரிசல்கள், அங்கங்கே நான்கைந்து குழிகள், தேய்ந்த மேல்தோல். விரிசலைக் கம்பித் துடைப்பத்தால் பெருக்கிச் சூடான தார் ஊற்றி மணல் தூவினால் போதும். குழியைச் சதுரமாக வெட்டி நிரப்ப வேண்டும். வட்டமாக இருந்தபடியே கொட்டிவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்வது, அது கரையிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். தேய்ந்த இடத்தில் மெல்லிசாகத் தார் தெளித்துப் பொடி ஜல்லி. ஈஸ்வரமூர்த்தி சொன்ன செலவில் பாதிகூட ஆகாது.

இது எண் 12 முதல் 16 வரை நீங்கலான கணக்கு. என் வீட்டுப் பக்கம் இன்னும் போகவில்லை.

செப்டம்பர் 11

எதிர்வீட்டுப் பர்வீன் டீச்சர் ஸ்கூட்டரை வெளியே எடுக்கும்போது உயர்த்திய வாசலிலிருந்து சாலைக்குச் சாய்த்து வைத்த பலகை நழுவி வண்டி சாய்ந்தது. நான் போய்த் தூக்கிவிட்டேன்.

“தேங்க்ஸுங்கண்ணா. சறுக்குமேடை இருந்தப்ப இந்தப் பாடு இல்லீங்க.”

அவர் கேட்டிலிருந்து சாலைக்குள் இரண்டடி நீட்டிச் சிமெண்டு மேடை கட்டியிருந்தார். ஏழு வருடத்துக்கு முன் நான்தான் சங்கத்தில் எழுதிக் கொடுத்து இடிக்க வைத்தேன். சாலையின் ஓரம் தண்ணீர் ஓடுவதற்கு. அதை அடைத்தால் சாலை அழுகும். இதில் எனக்கு வருத்தப்பட எதுவும் இல்லை.

“தெருவுல எல்லாரும் கட்டியிருந்தாங்க. நீங்க சொல்லி இடிச்சது நான் ஒருத்திதானுங்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பலகையை மடியில் வைத்து ஆணியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

செப்டம்பர் 13

எண் 12 முதல் 16 வரை பார்த்தேன். விரிசல் இல்லை.

செப்டம்பர் 14

மறுபடி பார்த்தேன். பத்து வாளி தண்ணீர். எல்லாம் ஓடிவிட்டது. கடப்பாரையால் தட்டினால் கல்மேல் தட்டுவது போல் சத்தம். தெரு முழுவதிலும் இதுதான் மிகத் திடமான இடம்.

திடமாக இல்லாமல் எப்படி இருக்கும்? மனை போட்டபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி வாங்காமல் நின்று அடித்தளம் போட வைத்தவன் நான். என் மனைக்கு முன்னால் ரோலரை நான்கு முறை அதிகமாக ஓட வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சுகந்தி வீட்டில் எல்லோரும் வெளியே சாப்பிடப் போனார்களாம். தெய்வானை மட்டும் வீட்டில். அரை மணி நேரம் பேசினாள். பதினொன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் சாலையில் போகும் ஆட்களின் தலை மட்டும் தெரிகிறதாம், யாருக்கும் முகமே இல்லையாம். செம்பருத்திக்குத் தண்ணீர் விடுகிறேனா என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன்.

போனை வைத்த பிறகு போய் விட்டேன்.

செப்டம்பர் 16

அறிக்கையைச் சுத்தமாக எழுதினேன். ஆறு பக்கம். எண் 12 முதல் 16 வரை: ‘நுண்விரிசல்கள் பரவலாக உள்ளன. வெறும் கண்ணுக்குப் புலப்படாதவை. முழு ஆழத்துக்கும் சுரண்டி எடுத்து, ஆதி மட்டத்தில் புதிதாகப் போடப் பரிந்துரைக்கப்படுகிறது.’

சாக்பீஸால் அங்கேயும் கோடுகள் போட்டாயிற்று.

நல்ல வெயில்.

செப்டம்பர் 17

பர்வீன் டீச்சர் கணக்கு வாத்தியார். என் வீட்டு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

“அண்ணா, கோடு இருக்குது. விரிசலைக் காணமே.”

“நுண்விரிசல். உங்களுக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுதுங்களா?”

“முப்பத்தாறு வருஷம் ரோட்டுலயே கெடந்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?”

“சரிங்கண்ணா. என் ரேம்ப்பை இடிக்கச் சொன்னப்ப ஒரு சாய்வுக் கணக்குக் காட்டுனீங்க. ராத்திரி பூரா உக்காந்து நானும் போட்டுப் பாத்தனுங். சரியாத்தான் இருந்துச்சு. அதனாலதான் ஒரு வார்த்தை பேசாம இடிச்சேன்.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இந்தக் காலத்தில் பெரியவர்களுக்கு மரியாதை கிடையாது.

செப்டம்பர் 19

சுகந்தி பேசினாள். பக்கத்து அடுக்குமாடியில் ஒரு வீடு வாடகைக்கு வந்திருக்கிறதாம், தரைத்தளம். என்னையும் அங்கேயே வரச் சொல்கிறாள்.

“இந்தத் தெருவை விட்டுட்டு வரமுடியாது. சாலையை இறக்கப்போறோம். இறங்கினதும் அம்மா வந்துருவா.”

“அப்பா, ரெண்டு வருஷமா அம்மா ஒரு கைப்பிடி போடச் சொல்லிக் கேட்டாங்க. மூணு தடவை. என்ன சொன்னீங்க? பாத்துக் காலை வெய்யின்னீங்க.”

பதில் சொல்வதற்குள் தெய்வானை போனை வாங்கிக்கொண்டாள்.

“அவ கெடக்கறா, விடுங்க. நான் ஒண்ணு கேக்கறேன். ரோட்டை ஒன்பது அங்குலம் எறக்கீட்டீங்கன்னே வெச்சுக்கலாம். வாசலும் ரோடும் சமமாயிரும். அப்புறம் வாசல்லருந்து வராண்டாவுக்குப் பத்து அங்குலம் ஏறோணும்ல? அதையும் எறக்குவீங்களா?”

அளவு சரிதான். வராண்டா வாசலைவிடப் பத்து அங்குலம் மேலே இருக்கிறது. இருபது வருடம் தினமும் ஏறி இறங்கியவள்.

“வாசல்ல நாலு வண்டி மண்ணுக் கொட்டி ஒசத்துங்கன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன். ஊரே ஒசத்தியாச்சு. சாலைக்கு ஊடு பணியக் கூடாதுன்னீங்க. சரி, பணிய வெக்காதீங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 20

வானம் மேகம். ஆள் ஒன்று.

செப்டம்பர் 22, ஞாயிறு

கூட்டம் விநாயகர் கோயில் மண்டபத்தில். முப்பது பேர் இருந்தார்கள். என் அறிக்கையை நானே வாசித்தேன். முதலைத் தோல் பற்றிச் சொன்னபோது இரண்டு பேர் எழுந்து தெருமுனை வரை போய், மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். “அசையுதுங்” என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பாதிச் செலவுதான் என்று சொன்னதும் ஈஸ்வரமூர்த்திகூடப் பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார்.

ஐந்தாம் பக்கம். எண் 12 முதல் 16. படிக்க ஆரம்பிப்பதற்குள் ஈஸ்வரமூர்த்தி கையைத் தூக்கினார்.

“அண்ணா, அந்தப் பக்கத்தை நீங்க படிக்க வேண்டாமுங். நாங்க ஏற்கெனவே பேசி வெச்சுட்டோம். அக்கா வந்து போகோணும். உங்க ஊட்டு முன்னால மட்டும் சுரண்டி எறக்கிரலாமுங். காரணமெல்லாம் எதுவும் வேண்டாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று என்னைப் பார்த்து முதலில் சிரித்த கீழ்வரிசை வீட்டுக்காரர்கூட. யாரும் எதிர்க்கவில்லை. ஒரே ஒருவராவது எதிர்த்திருந்தால் அந்தப் பக்கத்தை வரிக்கு வரி படித்து நிரூபித்திருப்பேன்.

“அந்த இடத்துக்கு என்ன நோய்?” என்று கேட்டேன்.

“நோய் இல்லீனாலும் பரவால்லீங்க.”

“நோயில்லாத சாலையை எதுக்குக் கொத்தறீங்க? இருபது மீட்டரை மட்டும் எறக்குனா அது குளம். மேல் தெருத் தண்ணி, கீழ் தெருத் தண்ணி எல்லாம் அங்க வந்து நிக்கும். ரெண்டே வருஷத்துல மொத்த ரோடும் ஊறிப் போகும். யாரு இந்த யோசனை சொன்னது?”

பர்வீன் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெருவுலயே நல்லா இருக்கறது அந்த இடம்தான். தொடக்கூடாது” என்றேன். ஐந்தாம் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

“அப்ப அக்காவுக்கு என்னுங்கண்ணா வழி?” என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார்.

“என் ஊட்டு வாசல் என் பாடு.”

என் திட்டம் ஒரே குரலில் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். சொல்வதற்கு ஆள் இல்லை. இருந்தாலும் என்னவென்று சொல்வது?

செப்டம்பர் 26

ஒப்பந்தக்காரர் வந்தார். குழியைச் சதுரமாக வெட்ட வேண்டும் என்றதற்கு, “வட்டமோ சதுரமோ மூடுனாச் சரிதானுங்களே” என்றார். ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் சதுரம்.

அக்டோபர் 3

வானம் தெளிவு. ஆள் ஒன்பது, ஜேசிபி ஒன்று. நான் கணக்கில் இல்லை.

தெருமுனையில் தோண்டினார்கள். வெட்டுமுகத்தைப் பார்க்கக் குழிக்குள் இறங்கினேன். பாறையில் அடுக்கு அடுக்காகத் தெரிவது போல் சாலையின் வயது தெரிந்தது. அடியில் நான் போட்ட முதல் தளம். அதன்மேல் நான்கு அங்குலம், அதற்கும் மேல் ஐந்து. இரண்டு தடவையும் ஜல்லி பரப்பி மேலேயே போட்டிருக்கிறார்கள், சுரண்டவில்லை.

“ரெண்டு தடவையும் சுரண்டாமயே போட்டுருக்காங்க” என்று மேலே நின்ற ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னேன்.

அவர் குனிந்து, கை நீட்டி என்னை மேலே ஏற்றிவிட்டார். ஏறி நின்ற பிறகுதான் சொன்னார்.

“சுரண்டலாம்னு எங்கப்பா சொன்னாருங்கண்ணா. அப்ப அவருதான தலைவரு. நான் போட்ட தளத்துல ஒருத்தனும் கை வெக்கக் கூடாதுன்னு மிஷினுக்குக் குறுக்க நின்னது நீங்கதானுங்க. ரெண்டாவது தடவைக்குச் சுரண்டறதைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கல.”

அவருக்கு ஞாபகசக்தி அதிகம். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான்.

பெயர்த்த தார்க்கட்டிகள் சாலையோரம் மலையாகக் குவிந்திருந்தன. ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டப் போவதாக ஒப்பந்தக்காரர் சொன்னார். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இருபத்து மூன்று வருடம் ஆகியும் அடித்தளத்து ஜல்லியைத் தார் விடவில்லை.

அக்டோபர் 4

ஒப்பந்தக்காரரிடம் நான்கு டிராக்டர் தார்க்கட்டி எண் 14க்கு வேண்டும் என்றேன்.

“கழிவுதானுங்க, எடுத்துக்கங்க. எதுக்குங்?”

“நிரவறதுக்கு.”

முதல் டிராக்டர் வந்து கொட்டியபோது தெருவில் ஒவ்வொரு கேட்டாகத் திறந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது போதும்.

அக்டோபர் 6, ஞாயிறு

வானம் மேகம். ஆள் ஒன்றரை. அரை ஆள் பர்வீன் டீச்சர். பள்ளி விடுமுறை என்று மட்டக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

“எவ்வளவுங்கண்ணா ஏத்தறீங்க?”

“ஒன்பது அங்குலம்.”

“பத்து ஏத்துனா வராண்டாவுக்கு ஒரேயடியாச் சமமாயிருமே.”

“சமமாயிட்டா மழைத்தண்ணி ஊட்டுக்குள்ள வரும். ஒரு அங்குலம் இருக்கோணும்.”

“அந்த ஒரு அங்குலம் அக்காவால தாண்ட முடியுமுங்களா?”

என் சுட்டுவிரலைக் குறுக்காக வைத்துக் காட்டினேன். சரியாக ஒரு விரல்.

கட்டிகளைச் சம்மட்டியால் உடைத்து, பெரியதை அடியிலும் சிறியதை மேலேயும் பரப்பினேன். செம்பருத்தியைச் சுற்றிச் செங்கல் வளையம். அதன் தண்டு மூச்சு முட்டக் கூடாது.

போகும்போது டீச்சர் கேட்டார், “உங்க பாக்கெட்டுல இருந்த அஞ்சாம் பக்கம் என்னாச்சுங்கண்ணா?”

“அடியில போட்டாச்சு.”

அக்டோபர் 8

வெல்டர் வந்தார். கேட்டைக் கழற்றி ஒன்பது அங்குலம் மேலே ஏற்றி மாட்டினார். இரண்டு பக்கமும் கைப்பிடி. கேட்டிலிருந்து வராண்டா வரைக்கும் ஒரே குழாய், இடையில் இணைப்பு இல்லாமல்.

“இவ்வளவு நீளம் எதுக்குங் தாத்தா?”

“வழி பூராப் புடிச்சுட்டு வரட்டும்.”

மாலையில் மேலே செம்மண் பரப்பித் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்தேன். இருட்டும் வரை. ஒரு பக்கமாகச் சிறு சாய்வு, தண்ணீர் போக.

அக்டோபர் 10

மண் இன்னும் கொஞ்சம் அமுங்க வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர், இடி. சாலை வேலை எண் 20 வரைக்கும் முடிந்தது. விரிசல்களில் ஊற்றிய தார் புதுக் கறுப்பாக, நரம்பு மாதிரி ஓடுகிறது. பார்க்க அழகாக இல்லை என்று கீழ்வரிசைக்காரர் சொன்னாராம். சாலை பார்ப்பதற்கு இல்லை.

அக்டோபர் 11

ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வருவாள் என்று நினைத்து ஒரு வாக்கர் வாங்கி வைத்திருந்தேன். மூலையில் பாலித்தீன் உறையோடு நிற்கிறது. உறையைக் கிழித்தேன்.

சாலையில் தொடங்கினேன். வாக்கரை முன்னால் வைத்து, ஒரு அடி. வைத்து, ஒரு அடி. அவள் நடப்பதாகச் சுகந்தி சொன்ன வேகத்தில். கேட்டைத் தாண்டி, செம்பருத்தியைத் தாண்டி, வராண்டா விளிம்பில் அந்த ஒரு விரலைத் தாண்டி உள்ளே. நடுவில் ஒரு இடத்தில் வலது முன்கால் லேசாக அமுங்கியது. அங்கே மண் போட்டு இடித்துவிட்டு மறுபடி சாலைக்குப் போய் முதலிலிருந்து வந்தேன். ஏழு முறை. எதிரே ஈஸ்வரமூர்த்தி வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ஏதாவது சொல்வார். இன்று ஹாரன்கூட அடிக்காமல் போனார்.

அப்புறம் போன் செய்தேன்.

“வாசலை ஒசத்தியாச்சு” என்றேன்.

மறுமுனையில் தொலைக்காட்சியை யாரோ நிறுத்தினார்கள்.

“எத்தனை?”

“ஒன்பது அங்குலம்.”

“கைப்பிடி?”

“ரெண்டு பக்கமும்.”

வா என்று சொல்ல நினைத்தேன். இந்த ஐம்பது வருடத்தில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லத் தேவைப்பட்டதே இல்லை, எங்கே இருந்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“மண்ணு நல்லா எறுக ரெண்டு நாளாகும்” என்றேன்.

“ரெண்டு நாளுதான?” என்றாள்.